முதல் அரை மணி நேரத்தை எங்களோடு உட்கார்ந்து எழுதுங்கள்

கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழில் தொடக்கக் கையேடு எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வாயனசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். நூலகத்தை இங்கே வாயனசாலை என்றுதான் சொல்வோம். இருப்பது கேரளத்தில். வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் எழுதிக் கொடுப்பது மலையாளம், தேங்காய் போய்ச் சேர்வது பொள்ளாச்சிக்கு. சனிக்கிழமை பிற்பகலில் வாயனசாலையின் பின் அறையில் கணினி வகுப்பு நடத்துகிறேன். நான்கு பழைய லேப்டாப்கள். நான்கிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04, எழுதவும் கணக்குப் போடவும் அதோடு வரும் லிப்ரெ ஆபீஸ் 7.3. மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றிருந்தால் இந்த வகுப்பு ஒரு நாள்கூட நடந்திருக்காது. அதற்கு முதலில் நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நான் எழுத வந்தது மென்பொருளைப் பற்றி அல்ல. அதைப் புதிதாகத் தொடுகிறவருக்காக நீங்கள் எழுதும் கையேட்டைப் பற்றி. நாங்கள் பயன்படுத்திய கையேடு எது, யார் எழுதியது என்று இங்கே சொல்லப் போவதில்லை. நான் சொல்லும் குறை அந்த ஒன்றோடு நிற்பதில்லை, அதை எழுதியவர்கள் சம்பளம் வாங்காமல் இரவில் கண் விழித்து எழுதியவர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்கு லினக்ஸ் புதிதல்ல. கேரள அரசுப் பள்ளிகளில் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017-இல் கைட் என்று பெயர் மாறிய அமைப்பு, கட்டற்ற மென்பொருளைத்தான் வகுப்பறைக்குக் கொண்டு வந்திருக்கிறது. மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மொழிகளிலும் பாடநூல் உண்டு. மறு பாதிப் பேர் பெரியவர்கள். பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிற அண்ணன் ஒருவர், அங்கன்வாடியில் வேலை பார்க்கிற இரண்டு பேர், அப்புறம் அயல்கூட்டத்துப் பெண்கள். கையேடு யாரை நினைத்து எழுதப்பட வேண்டுமோ, அவர்கள் இவர்கள்தான்.

அயல்கூட்டம் என்பது குடும்பஸ்ரீயின் அடிப்படைக் குழு. 1998-இல் தொடங்கிய இயக்கம் அது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்து முதல் இருபது பேர் சேர்ந்து வாரம் ஒரு முறை கூடுவார்கள். ஆளுக்கு ஒரு சிறு தொகை சேமிப்பு, அதிலிருந்து உள்கடன், கடனுக்குத் தவணை. செயலாளராக இருப்பவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார். எங்கள் ஊர்ச் செயலாளர் அக்கா பத்தாம் வகுப்பு வரை படித்தவர். தென்னந்தோப்பு வேலை முடிந்து வந்து இரவு கணக்குப் போடுகிறவர். கூட்டலில் ஒரு ரூபாய் தப்பாது. "இதையே கம்ப்யூட்டர்ல போட்டா மாசக் கடைசியில மறுபடி கூட்ட வேண்டாம்ல டீச்சர்?" என்று நோட்டோடு வந்தார். இதைவிட நல்ல காரணத்தோடு ஒருவர் கணினி முன் வந்து உட்கார முடியாது.

கையேட்டை அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். முதல் பதினோரு பக்கம் மென்பொருளின் வரலாறு, உரிமம், கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்கள் (பயன்படுத்த, படித்துப் பார்க்க, பகிர, மாற்ற), பிறகு செல் (கட்டம்) என்றால் என்ன, நிரை (படுக்கை வரிசை) என்றால் என்ன, நிரல் (மேலிருந்து கீழே வரும் வரிசை) என்றால் என்ன. எல்லாம் சரியான தகவல்தான். அவர் பொறுமையாகப் படித்தார். பன்னிரண்டாம் பக்கத்துக்கு வரும்போது ஒரு மணி நேரம் போயிருந்தது, ஒரு எண்ணைக்கூட அவர் தட்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் உங்களிடம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நோட்டில் எப்படி எழுதுவாரோ அப்படியே தட்டினார். பெயர், பக்கத்தில் "50 ரூ". அடுத்த வரியில் "50 ரூ". இன்னொருவருக்கு "100 ரூ". பதினான்கு பேருக்கும் முடித்துவிட்டுக் கையேட்டில் இருந்தபடி கூட்டல் ஃபார்முலாவைப் போட்டார். விடை 0. மறுபடி போட்டார். 0. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தட்டினார், மூன்றாவது முறையும் 0. நான் பக்கத்து மேசையில் ஒரு பையனோடு இருந்தேன். திரும்பிப் பார்க்கும்போது லேப்டாப்பை மூடியிருந்தார். "சைபர்னு காட்டுதுங்க. நமக்கு இது சரிப்படாது டீச்சர்" என்றார்.

உங்களுக்குக் காரணம் உடனே தெரிந்திருக்கும். "ரூ" என்ற எழுத்து சேர்ந்ததும் லிப்ரெ ஆபீஸின் கணக்குத்தாளான கால்க் அந்தச் செல்லை எண்ணாக எடுக்காது, எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கூட்டல் ஃபார்முலா எழுத்தைத் தாண்டிப் போய்விடும். கூட்டுவதற்கு எண்ணே இல்லாததால் விடை 0. பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் மென்பொருளைப் பொறுத்தவரை பிழை எதுவும் நடக்கவில்லை. கன்ட்ரோலையும் எஃப் 8-ஐயும் சேர்த்து அழுத்தினால் எண்கள் நீலமாகவும், ஃபார்முலாக்கள் பச்சையாகவும், எழுத்துகள் கறுப்பாகவும் தெரியும். அக்காவின் நிரல் முழுக்கக் கறுப்பாக இருந்திருக்கும். அந்த ஒரு வசதியைக் கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் சொல்லியிருந்தால் அந்த லேப்டாப் மூடப்பட்டிருக்காது. கையேட்டில் அது எங்குமே இல்லை. கூட்டல் சரியாக வந்த படம் மட்டும் இருந்தது.

அடுத்த வாரம் அவர் திரும்பி வந்ததே பெரிய விஷயம். எண்ணை மட்டும் தட்டினார், கூட்டல் வந்தது, முகம் மலர்ந்தது. அதன் பிறகு தேதி.

2024 ஜூன் மாதம். கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில். 2/6, 9/6, 16/6, 23/6 என்று தட்டினார். அந்த லேப்டாப்பில் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தது. அதனால் 2/6 என்பதைப் பிப்ரவரி 6 என்று எடுத்துக்கொண்டது, 9/6 என்பதைச் செப்டம்பர் 6 என்று. திரையில் 02/06/24, 09/06/24 என்றே தெரிவதால் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. 16 என்றும் 23 என்றும் மாதம் கிடையாது, ஆகவே அந்த இரண்டையும் எழுத்தாக வைத்துவிட்டது. இரண்டு தேதி வலப்பக்கம் ஒட்டியிருக்க, இரண்டு இடப்பக்கம் ஒட்டியிருந்தன. ஜூலை 7 கூட்டத்தையும் சேர்த்துவிட்டுத் தேதிவாரியாக அடுக்கியபோது, அது ஜூன் 9-க்கு முன்னால் போய் உட்கார்ந்தது. பதினைந்து வருடமாக நோட்டு எழுதுகிறவருக்குத் தன் கணக்கு கண் முன்னே கலைவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பகுதியில் லோக்கேல் (எந்த நாட்டு வழக்கம்) என்பதை இந்திய ஆங்கிலம் என்று மாற்றினால் நாள் முதலில், மாதம் அடுத்து என்று சரியாகிவிடும். ஏற்கெனவே தப்பாகப் பதிந்தது மட்டும் தானாகத் திருந்தாது, திரும்பத் தட்ட வேண்டும். இதுவும் தெரிந்தவருக்கு அரை நிமிட வேலை. கையேட்டின் முதல் பக்கத்தில், வரலாறு இருந்த இடத்தில், இருந்திருக்க வேண்டிய வேலை.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். வகுப்பில் புதியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயே திறக்காமல், அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் நோட்டில் குறிப்பது. பதில் தெரிந்தும் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று மாதத்தில் அந்த நோட்டில் 41 இடங்கள் சேர்ந்தன. முக்கால்வாசி, உட்கார்ந்த முதல் அரை மணி நேரத்துக்குள் வந்தவை.

சிலவற்றைச் சொல்கிறேன். தமிழில் தட்ட உதவும் மென்பொருளை நிறுவக் கையேட்டில் ஒரு கட்டளை இருந்தது, முன்னால் டாலர் குறியோடு. ஒன்பதாம் வகுப்புப் பெண் டாலரையும் சேர்த்தே தட்டினாள். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று வந்தது. அதைச் சரிசெய்ததும் கடவுச்சொல் கேட்டது. தட்டினால் திரையில் ஒரு புள்ளிகூட நகரவில்லை. கீபோர்டு கெட்டுப்போய்விட்டது என்று வேறு லேப்டாப்புக்குப் போனாள். பால் சங்கத்து அண்ணன் தொகை தட்டினார், நிரல் குறுகலாக இருந்ததால் செல் முழுக்க வேலி மாதிரி குறிகள் வந்தன, கணக்கு அழிந்துவிட்டது என்று எழுந்துவிட்டார். சேமிக்கும்போது எந்த வடிவத்தில் வைக்கட்டும் என்று ஒரு பெட்டி கேட்கிறது. இரண்டு பட்டனுக்கு நடுவில் எட்டு நிமிடம் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

இவற்றில் ஒன்றுகூட மென்பொருளின் கோளாறு அல்ல. படிக்கிறவரின் அறிவுக் குறையும் அல்ல. உங்களுக்கு இதெல்லாம் கையோடு ஊறிப்போனதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். சமைத்துப் பழகிய கை உப்பை அளந்து போடுவதில்லை. அந்தக் கையால் சமையல் குறிப்பு எழுதினால் உப்பு விட்டுப்போகும்.

வெளியே இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். 2014-இல் பெர்லினில் பெண்களுக்கான நிரலாக்கப் பட்டறையாகத் தொடங்கியது ஜாங்கோ கேர்ள்ஸ். அதற்காக எழுதிய பாடத்தில், கட்டளைக்கு முன்னால் இருக்கும் டாலர் குறியை நீங்கள் தட்ட வேண்டாம், கணினியே போட்டுக்கொள்ளும் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் படித்தபோது இதை எழுதியவர் ஒரு புதியவரின் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று புரிந்தது. வெறும் மேசையிலிருந்து அப்படி ஒரு வரி வராது.

யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் கையேடு, முதல் பதிப்பு, 1971 நவம்பரில் வந்தது. அதில் கட்டளைகளின் விளக்கத்தோடு, அதில் தெரிந்த குறைகள் என்று தனித் தலைப்பு இருந்தது. எழுதியவர்களே, தாங்கள் செய்ததில் எங்கே இடிக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த வழக்கத்தைத் தொடக்கக் கையேட்டுக்கும் கொண்டுவரலாம். ஒவ்வொரு செயலுக்கும் கீழே "இங்கே மாட்டிக்கொள்ளலாம்" என்று ஒரு பத்தி இருந்தால் போதும். கூட்டல் 0 என்று வந்தால் இதைப் பாருங்கள், தேதி இடப்பக்கம் ஒட்டினால் இதைப் பாருங்கள் என்று. வெற்றிகரமாக முடிந்த படம் மட்டும் உள்ள கையேடு, ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் உதவும்.

டேனியேலே ப்ரோசிடா என்பவர் மென்பொருள் ஆவணங்களை நான்காகப் பிரித்துச் சொல்கிறார். கையைப் பிடித்து நடத்தும் பயிற்சி, ஒரு வேலையை முடிக்கும் செய்முறை, தேடிப் பார்க்கும் குறிப்பு, ஏன் எதற்கு என்ற விளக்கம். நம் கையேடுகளில் நான்கும் ஒரே பானையில் கிடக்கின்றன. அயல்கூட்டத்து அக்காவுக்கு முதல் நாள் வேண்டியது முதல் வகை மட்டும். நான்கு சுதந்திரங்களைப் பற்றி அவர் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். தன் கணக்கை அதில் ஒரு முறை முடித்த பிறகு படித்தால், அந்தச் சுதந்திரம் எதற்கு என்று அவருக்கு நம் விளக்கம் இல்லாமலே பாதி புரிந்திருக்கும்.

தட்டச்சுக்கு வருகிறேன். இதில் எங்கள் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது, உங்களில் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள்.

கணினி முன் உட்காரும் யாரும் முதலில் செய்ய நினைப்பது தன் பெயரைத் தமிழில் தட்டுவது. நான் பார்த்த கையேடுகளில் தமிழ்த் தட்டச்சு கடைசி இணைப்பில் இருக்கிறது. அங்கேயும் தமிழ்99 ஒன்றுதான். தமிழ்99 நல்ல அமைப்பு, நானும் அதில்தான் தட்டுகிறேன். உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு, ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. ஆனால் எங்கள் பிள்ளைகள் தமிழ்நாட்டில் படிக்கவில்லை. கேரளப் பள்ளியில் மலையாளத் தட்டச்சுக்கு இன்ஸ்கிரிப்ட் பழகியிருக்கிறார்கள். இன்ஸ்கிரிப்டில் இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒலி ஒன்றானால் விசையும் ஒன்று. மலையாளத்தில் 'க' வரும் கே விசையில்தான் தமிழிலும் 'க' வரும், 'ப' வரும் எச் விசையில்தான் 'ப'. மலையாளத்தில் தட்டத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் இன்ஸ்கிரிப்டை மாற்றிக் கொடுத்தால் அந்த நிமிடமே தட்டத் தொடங்கிவிடும். எங்கள் வகுப்பில் ஒரு பையன் ஐந்து நிமிடத்தில் தன் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் தட்டிவிட்டு, "இது எனக்குத் தெரியும்னு எனக்கே தெரியாது டீச்சர்" என்றான். கையேடு அவனுக்குப் புதிதாக ஒரு விசைப்பலகையை முதலிலிருந்து பழகச் சொல்லியிருந்தது. பாலக்காட்டில், மூணாறு பக்கம், தேவிகுளம் பீர்மேட்டில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு பத்தி எழுதினால் எத்தனை சனிக்கிழமை மிச்சமாகும்!

விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால் தமிழ் என்ற பெயரில் பல வரிகள் வருகின்றன. சிலவற்றில் 1, 2, 3 என்ற வழக்கமான எண்களுக்குப் பதில் தமிழ் எண்கள். எதைத் தேர்ந்தால் எது வரும் என்று ஒரு சிறு விளக்கம் வேண்டும். இப்போதைக்கு நாங்கள் குத்துமதிப்பாகத்தான் தேர்ந்துகொண்டிருக்கிறோம்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலைச்சொல்லுக்கு நான் எதிரி அல்ல. கணினி என்ற சொல்லே ஒரு காலத்தில் புதிதுதான். எனக்குள்ள சிக்கல் வேறு. ஒரே கையேட்டில் மூன்றாம் பக்கத்தில் கோப்புறை, ஒன்பதாம் பக்கத்தில் அடைவு, திரையில் ஃபோல்டர். மூன்றும் ஒன்றுதான் என்று படிக்கிறவருக்கு யார் சொல்வது? திரை ஆங்கிலத்தில் இருக்கும்போது பட்டனின் பெயரை மொழிபெயர்த்து எழுதினால், அந்த அக்கா திரை முழுக்க அந்தச் சொல்லைத் தேடுவார், கிடைக்காது. திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள், அதன் தமிழ்ப் பொருளைப் பக்கத்தில் சொல்லுங்கள், கடைசி வரை ஒரே சொல்லில் நில்லுங்கள். "எளிதாக", "சுலபமாக" என்ற சொற்களைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எளிதாகச் செய்யலாம் என்று எழுதியதைச் செய்ய முடியாதபோது, படிக்கிறவர் கையேட்டைக் குறை சொல்வதில்லை, தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்தப் பதிப்பில், எந்த மாதம் செய்து பார்த்தது என்று போடுங்கள். லிப்ரெ ஆபீஸ் 7.6-க்கு அடுத்து 2024 தொடக்கத்தில் வந்த பதிப்பின் எண் 24.2. ஆண்டையும் மாதத்தையும் வைத்து எண் கொடுக்கத் தொடங்கினார்கள். எங்களிடம் இருப்பது 7.3. பதினேழு பதிப்பு பின்தங்கிவிட்டோமா என்று பால் சங்கத்து அண்ணன் கவலைப்பட்டார். நியாயமான கேள்விதான்.

அச்செடுக்கும்படியும் இருக்கட்டும். வாயனசாலையில் இணையம் என் போனிலிருந்து வருவதுதான். வீடியோ நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் ஓடாது, கை நின்ற இடத்தில் வீடியோ நிற்காது. சுவரில் ஒட்டிய ஒரு தாள் நிற்கும்.

சரி, இப்போது கொஞ்சம் கசப்பான ஒன்று. கையேட்டில் ஒரு மெனுவின் பெயர் தவறாக இருந்ததைக் கண்டுபிடித்தேன். ஒரே ஒரு சொல். சொல்லலாம் என்று போனால், கணக்குத் தொடங்க வேண்டும், கிட் என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளைப் பழக வேண்டும், படியெடுக்க வேண்டும், கிளை பிரிக்க வேண்டும், திருத்தி அனுப்ப வேண்டும், காரணத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இரண்டு சனிக்கிழமை முயன்று விட்டுவிட்டேன். கையேட்டின் பிழையை முதலில் பார்க்கிறவர் புதியவர்தான், அதைத் திருத்தும் வழி புதியவருக்குத்தான் அடைபட்டிருக்கிறது. நிரலாளர்கள் நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-இல் எடுத்த கணக்கெடுப்பில், முழுமையில்லாத, குழப்பமான ஆவணங்களைக் கண்டதாகச் சொன்னவர்கள் 93 சதவீதம். ஆவணங்களுக்கு அரிதாகவோ, ஒருபோதுமோ பங்களிப்பதில்லை என்றவர்கள் 60 சதவீதம். அது நிரலாளர்களிடம் எடுத்த கணக்கு. எங்களைப் போன்றவர்கள் அதில் வரவே இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மின்னஞ்சல் முகவரியோ வாட்ஸாப் எண்ணோ கொடுங்கள். தாளில் எழுதியதைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறோம். கிட் தெரிந்த ஒருவர் உங்கள் பக்கத்தில் அதை ஏற்றட்டும், எழுதியவர் பெயரோடு.

இது நடக்காத காரியம் அல்ல. 2012-இலிருந்து கணியம் என்ற மின்னிதழ் தமிழில் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறது. லிப்ரெ ஆபீஸின் கையேடுகளை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், யார் வேண்டுமானாலும் எடுத்து மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம் என்று உரிமமும் தந்திருக்கிறார்கள். எங்கள் சுவரில் உள்ள தாள்கள் மீரா இனிமை எழுத்துருவில் இருக்கின்றன. அந்தத் தமிழ் எழுத்துருவைச் செய்து கொடுத்தது ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற மலையாளக் குழு. மொழி எல்லையைத் தாண்டி ஒருவருக்கொருவர் செய்துகொடுக்கும் வழக்கம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தொடக்கக் கையேட்டை வெளியிடும் முன், கணினியை அதிகம் தொடாத ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். வாய் திறக்காதீர்கள். விரல் நீட்டாதீர்கள். அவர் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் திருத்துங்கள். மேலே நான் சொன்ன மற்ற எல்லாமே அந்த அரை மணி நேரத்தில் உங்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்திலிருந்து கொடுக்க இரண்டு இருக்கின்றன. ஒன்று, 41 இடங்கள் உள்ள என் நோட்டு. இரண்டாவது, அயல்கூட்டத்துச் செயலாளர் அக்கா தன் கையால் எழுதிய தாள். பக்கத்து ஊர் அயல்கூட்டத்தில் ஒருவர் வந்து கேட்டபோது அவருக்காக எழுதிக் கொடுத்தது. இப்போது எங்கள் சுவரில் இருக்கிறது, அதைப் பார்த்து ஆறு பேர் யார் உதவியும் இல்லாமல் கணக்குத் தொடங்கிவிட்டார்கள். அதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்:

"ரூ எழுத வேண்டாம். எண் மட்டும் போடுங்கள். ரூ போட்டால் கூட்டாது, சைபர் என்று காட்டும், உங்கள் கணக்கு தப்பு இல்லை. எண் வலது பக்கம் போய் நிற்க வேண்டும். இடது பக்கம் நின்றால் அது எழுத்து, அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். தேதி போடும் முன் டீச்சரிடம் சொல்லி இந்தியா என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு 13-க்கு மேல் ஒரு தேதி போட்டுப் பாருங்கள், வலது பக்கம் நின்றால் சரி. வேலி மாதிரி வந்தால் பயப்பட வேண்டாம், இடம் போதவில்லை, கோட்டைப் பிடித்து இழுங்கள். பத்து வரிக்கு ஒரு தடவை கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்துங்கள். முதல் மாதம் நோட்டிலும் எழுதுங்கள், இரண்டும் ஒத்துவந்த பிறகு நோட்டை விடலாம்."

அந்தக் கடைசி வரி எனக்குத் தோன்றியிருக்காது. உங்கள் கையேட்டில் இதைச் சேர்த்துக்கொள்ள அவருக்குச் சம்மதம். பெயர் வேண்டாம், அயல்கூட்டத்துச் செயலாளர் என்று போட்டால் போதும் என்கிறார். தேதிக்கான அந்த "டீச்சரிடம் சொல்லி" என்ற வரியை மட்டும் நீங்கள்தான் விரித்து எழுதித் தர வேண்டும், டீச்சர் இல்லாத ஊருக்காக.

உங்களில் யாராவது ஒருவர் நேரில் வந்தால் மிகவும் சந்தோஷம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு போகும் பஸ்ஸில் ஏறிக் கொழிஞ்சாம்பாறையில் இறங்கி, வாயனசாலைக்கு வழி கேளுங்கள். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குவோம். அடுத்த மாதம் அங்கன்வாடியிலிருந்து ஒருவர் புதிதாகச் சேர்கிறார், இதுவரை கீபோர்டைத் தொட்டதில்லை. அவர் பக்கத்து நாற்காலியை உங்களுக்காக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வாயனசாலைப் பொறுப்பாளர்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், பாலக்காடு மாவட்டம்